மஞ்சள்தூள் கேசரி

விடிகாலை ஐந்தரை மணிக்கெல்லாம் வேம்படி முதியோர் இல்லத்தின் சமையல்கட்டில் போய் நிற்பது அரியமுத்துவின் வழக்கம். அங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இல்லத்தில் தங்கியிருக்கும் நாற்பத்தோரு பேரில் அவரும் ஒருவர். மணி அடித்ததும் மற்றவர்களைப் போலத் தட்டோடு போய் உட்கார வேண்டியவர்தான். ஆனாலும் டீத்தண்ணீர் கொதிக்கும் சத்தம் காதில் விழுந்தால் அவரால் படுத்திருக்க முடியாது.

"தூளப் போட்டு இப்புடித் தளதளன்னு கொதிக்க வுட்டா கசாயந்தான் வரும். எறக்கி வச்சு மூடும்மா" என்பார்.

சமையல்கார சக்திக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வாய் மட்டும் ஐம்பது. "நீங்க பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சீங்களா, டீக்கடை வச்சிருந்தீங்களா தாத்தா?" என்று கேட்பாள். வேறு எதைக் கேட்டாலும் சுடச்சுடப் பதில் சொல்லும் அரியமுத்து இதற்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்.

இல்லம் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், ஒரு பக்கம் மக்காச்சோளக் காட்டுக்கும் மறுபக்கம் சின்ன வெங்காயம் காயப்போடும் களத்துக்கும் நடுவே இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் மனைவி இறந்து, மகன் ஓசூரில் வேலைக்குப் போன பிறகு அரியமுத்து இங்கே வந்தார். வந்த இரண்டாவது நாளே அவருக்கு 'மிலிட்டரி' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரோடு ஒரு கதையும் சேர்ந்துகொண்டது.

கதை இதுதான். எழுபத்தொன்றாம் வருடப் போர். மேற்கு எல்லையில் ஒரு வாய்க்கால் கரை. குண்டு விழுந்து, பின்னால் இருக்கும் பீரங்கிக்காரர்களுக்குப் போகும் டெலிபோன் கம்பி அறுந்துபோகிறது. ஒரு சிப்பாய் பதுங்கு குழியை விட்டுத் தவழ்ந்து போகிறான். கையிலிருந்த கத்தி வாய்க்காலுக்குள் விழுந்துவிடுகிறது. கம்பியின் மேல்தோலைப் பல்லால் கடித்து உரித்து, இரண்டு முனையையும் முறுக்கி ஒட்டுகிறான். ஈறு கிழிந்து ரத்தம் ஒழுக, போனை எடுத்து "லைன் சரியாயிடுச்சு சார்" என்கிறான். அதேபோல ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

சுதந்திர தினம், தீபாவளி, யாராவது புதிதாக வந்து சேரும் நாள் என்று எல்லாவற்றுக்கும் இந்தக் கதை உண்டு. அரியமுத்து சொல்லும்போது அந்தச் சிப்பாய் அரியமுத்துதான்.

டிசம்பர் பதினாறாம் தேதி போர் வெற்றி நாளைக் கொண்டாடலாம் என்ற யோசனை இல்லத்தின் மேலாளர் பரணிதரனுடையது. எதையும் விழாவாகச் செய்ய வேண்டும் அவருக்கு. பக்கத்துப் பள்ளியிலிருந்து நாற்பது மாணவர்கள் வருவதாக ஏற்பாடு. இல்லத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர்கள் இரண்டு பேருக்கும் மரியாதை. ஒருவர் அரியமுத்து, இன்னொருவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து காது மந்தமாகிப்போன வைத்திலிங்கம். விழாவுக்கு மூன்று நாள் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பரணிதரன் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"அய்யா, ஒரு நல்ல சேதி. போர்ல இறந்தவங்க குடும்பம் ஒண்ணையும் கூப்புடலாம்னு விசாரிச்சேன். ரெட்டிபாளையத்துல ஒருத்தங்க கெடச்சிருக்காங்க. ராஜதுரைன்னு பேரு. எழுபத்தொண்ணுலதான் இறந்திருக்காரு. உங்க பட்டாலியன்தாங்க அய்யா! அவரோட பொண்ணு வராங்க. நர்மதான்னு பேரு."

அரியமுத்து பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டார்.

"என்ன மிலிட்டரி, ரசம் சேரலியா?" என்றார் எதிரில் உட்கார்ந்திருந்த தனம். எழுபத்திரண்டு வயது. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் விட்டு வைக்கமாட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றார் அரியமுத்து.

நர்மதா. அந்தப் பெயரை ஐம்பத்து நான்கு வருடத்துக்கு முன்பே அவர் கேட்டிருக்கிறார். சத்தமாக, தலைகால் புரியாத சந்தோஷத்தோடு, ராஜதுரையின் வாயிலிருந்து.

அரியமுத்து பட்டாளத்தில் சமையல்காரர். திருமானூர் பக்கம் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்து, ஆளெடுப்புக்குத் திருச்சிக்குப் போனபோது அவருக்குக் கிடைத்தது அந்த வேலைதான். போர் நடந்தபோது வயது இருபத்திரண்டு. பருப்பும் ரொட்டியும் டீயும் செய்து, முன்னணியில் இருக்கும் குழிகள் வரை சுமந்துகொண்டு போய்க் கொடுப்பார். போர் முடிந்து முதல் விடுப்பில் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் ஒருவர் கேட்டார், "எத்தன பேரச் சுட்ட?" அரியமுத்து உண்மையைச் சொன்னார். "அப்ப கரண்டியாலயா சண்டை போட்ட?" என்றார் அவர். கடையே சிரித்தது. அன்றோடு அவர் பெயர் 'கரண்டி'. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக்கு மச்சான்மார் ஒரு கரண்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மகனை 'கரண்டி மவன்' என்று கூப்பிட்டார்கள். அவன் அழுதுகொண்டு வந்த நாளில்தான் அரியமுத்து பட்டாளத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

இல்லத்தில் யாருக்கும் அவரைத் தெரியாது. "சண்டையில என்ன செஞ்சீங்க?" என்று தனம் கேட்டபோது, கரண்டி என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு ராஜதுரையின் கதையைச் சொன்னார். இறந்தவன் கதைதானே, கேட்க யார் வரப்போகிறார்கள்?

நர்மதா வந்தார். விழாவன்று காலை ஒன்பது மணிக்கே, அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்கி, இல்லத்தின் வாசலில் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பச்சைப் பட்டுப் புடவை, கையில் ஒரு துணிப்பை. கணவர் சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலியால் வரவில்லை என்றார். அரியமுத்து அவர் முகத்தைப் பார்த்தார். ராஜதுரையின் மேலுதடு அப்படியே இருந்தது.

வராந்தாவில் அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் நர்மதா.

"அய்யாவுக்கு எங்க அப்பாவத் தெரியுங்களா?"

"பட்டாலியன்னா எண்ணூறு பேரும்மா" என்றார் அரியமுத்து.

"அப்ப சரிங்க. ஒரே ஒரு விசயந்தான் யாராச்சும் சொல்வாங்களான்னு பாத்தேன்." நர்மதா துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே பேசினார். "நான் பொறந்தது நவம்பர் பதினாறு. பொண்ணு பொறந்தா நர்மதான்னு வையின்னு அப்பா முன்னாடியே எழுதியிருந்தாராம். ரயில்ல போவும்போது அந்த ஆத்தப் பாத்தாராம். நான் பொறந்த அன்னைக்கே அம்மா பக்கத்து வூட்டு வாத்தியாரக் கொண்டு காயிதம் எழுதிப் போட்டுருக்காங்க. பதில் வரல. தந்திதான் வந்துச்சு. அந்தக் காயிதம் அப்பா கைக்குப் போச்சா, பொண்ணு பொறந்தது தெரிஞ்சுதான் செத்தாரான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. போன வருசம் அவங்களும் தவறிட்டாங்க. கடைசி வாரம் வரைக்கும் அதே கேள்விதான்."

அரியமுத்துவுக்குப் பதில் தெரியும். இப்போது வேறு யாருக்கும் தெரியுமோ என்னவோ, அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், அந்தக் கடிதம் வந்தபோது தான் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னால் கம்பி ஒட்டியது யார் என்று கேட்பார்கள். பந்தலில் ஏற்கெனவே பிளக்ஸ் கட்டியாகிவிட்டது. 'பல்லால் கம்பியை இணைத்த மாவீரர் அரியமுத்து' என்று அதில் எழுதி, அவர் படத்தையும் போட்டிருந்தார் பரணிதரன்.

"சண்ட நேரத்துல தபாலெல்லாம் முன்னப் பின்னதாம்மா வரும்" என்றார்.

"சரிங்கய்யா" என்றார் நர்மதா. முகம் வாடவில்லை. எதிர்பார்த்துப் பழகிப்போன பதில் போல அதை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

பத்தரைக்கு விழா தொடங்கியது. மாணவர்கள் தரையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். இல்லத்துக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில். கவியா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சியை நடத்தினாள். வைத்திலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தியபோது "ஏர்போர்ஸ்ல எந்த வேலைங்க தாத்தா?" என்று கேட்டாள். அவர், "ஆமாம்மா, சாப்புட்டேன்" என்றார். கூட்டம் சிரித்ததும் அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்து பதக்கம் அணிவிப்பது. அரியமுத்துவின் பதக்கம் அவர் சட்டையின் இடது மார்பில் ஏற்கெனவே இருந்தது. போர்க்களத்தில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தது. சுட்டவனுக்கும் சமைத்தவனுக்கும் ஒரே பதக்கம்தான். நர்மதா துணிப்பையிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்தார். அதற்குள் பஞ்சில் பொதிந்து ராஜதுரையின் பதக்கம். பரணிதரன் அதை வாங்கி, தனத்திடம் கொடுத்து, நர்மதாவின் இடது தோளுக்குக் கீழே புடவையில் குத்தச் சொன்னார்.

"அந்தப் பக்கம் இல்ல" என்றார் அரியமுத்து. அவரை அறியாமலே வந்துவிட்டது.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது அவங்க அப்பாவோடது. வலப்பக்கம் குத்தணும். பட்டாளத்து வழக்கம் அதான். நாம வாங்குனது இடப்பக்கம். செத்துப்போன நம்ம ஆளு வாங்குனது வலப்பக்கம். மாத்திக் குத்தப்புடாது."

தனம் ஊசியைக் கழற்றி வலப்பக்கம் குத்தினார். நர்மதா குனிந்து அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப நம்ம அரியமுத்து தாத்தா, பல்லால கம்பி ஒட்டுன கதையச் சொல்வாங்க!" என்றாள் கவியா. கைதட்டல்.

"சொல்லுங்க மிலிட்டரி. எங்களுக்கெல்லாம் மனப்பாடம். புள்ளைவளுக்குத்தான் புதுசு" என்றார் தனம்.

அரியமுத்து மைக்கை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்தார். வாய்க்கால் கரை, குண்டு, அறுந்த கம்பி என்று வழக்கம்போலத் தொடங்கினார். கத்தி தண்ணீருக்குள் விழுந்த இடம் வந்ததும் நின்றார். முதல் வரிசையில், வலப்பக்கம் பதக்கத்தோடு நர்மதா உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லோரையும் போல அவரும் அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வரைக்கும் சரி" என்றார் அரியமுத்து. "இதுக்கு மேல ஆறு வருசமா நான் சொன்னது தப்பு. கம்பிய ஒட்டுனது நான் இல்ல. இந்தப் பொண்ணோட அப்பன், ராஜதுரை. நான் குழிக்குள்ள ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். வலப்பக்கம் குத்த வேண்டியத இடப்பக்கம் குத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

பரணிதரன் பிளக்ஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

கவியாதான் கேட்டாள். "அப்ப நீங்க என்ன செஞ்சீங்க தாத்தா?"

"சமைச்சேன் பாப்பா. நான் பட்டாளத்துல சமையல்காரன். டீ கொண்டுக்கிட்டுப் போனேன், குண்டு விழுந்ததுல திரும்பி வர முடியல. அதான் அந்தக் குழியில இருந்தேன்."

பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அரியமுத்து அதற்குத்தான் ஐம்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்தார். வந்ததும் அது ஒரு சிரிப்பாக மட்டும் இருந்தது. அவர் நர்மதாவைப் பார்த்துப் பேசினார்.

"காலையில நீ கேட்டப்ப பொய் சொன்னேன் ஆயி. காயிதம் வந்துச்சு. சண்டை தொடங்கி அஞ்சாம் நாளு, எட்டாந்தேதி காலையில வந்துச்சு. நான் அடுப்புல டீ போட்டுக்கிட்டு இருக்கேன். உங்கப்பன் காயிதத்தத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடியாறான். 'டேய் அரியா, நர்மதா பொறந்துட்டாடா'ங்கறான். அவனுக்கு இருபத்துநாலு வயசு. என்னைத் தூக்கிச் சுத்துனதுல டீக்கெட்டிலு கவுந்துபோச்சு."

நர்மதா வாயைப் பொத்திக்கொண்டார்.

"'எங்க குழி எட்டுப் பேருக்கும் இனிப்பு வேணும், இப்பவே வேணும்'னு நின்னான். என்கிட்ட ரவை இருந்துச்சு, சக்கரை இருந்துச்சு, டால்டா இருந்துச்சு. முந்திரி ஏது, கேசரிப் பவுடர் ஏது? வெள்ளையா இருந்தா உப்புமான்னு சொல்லுவானுவ, கலர் வேணும்னான் உங்கப்பன். ஒரு சிட்டிகை மஞ்சத்தூளப் போட்டுக் கிண்டுனேன். எட்டுப் பேரும் மஞ்ச வாடைய வச்சிக் கிண்டல் பண்ணிக்கிட்டே தின்னானுவ. அவன் ரெண்டு தடவ வாங்கித் தின்னான். ஊருக்குக் காயிதம் நாளைக்கு எழுதறேன்னான். மறுநாதான் கம்பி அறுந்துச்சு. மூணு தடவ ஒட்டிட்டு வந்தான். நாலாந் தடவ போனவன் வரல. நான் எப்பயும் மூணோட நிறுத்திப்புடுவேன், அதான் உங்க யாருக்கும் தெரியல."

அரியமுத்து மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார். "லீவுல வந்தப்ப உங்க வூட்டுக்கு வரணும்னு அரியலூர் வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல கால் வரல. வந்திருந்தா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தத் தப்புக்கு மருந்து இல்ல."

நர்மதா எழுந்து வந்தார். அழுதிருந்தார். ஆனால் ஐம்பத்து நான்கு வருடக் கேள்வி தீர்ந்த முகத்தில் அழுகைக்கு மேல் வேறொன்றும் இருந்தது. அரியமுத்துவின் கையிலிருந்த மைக்கை வாங்கிக் கவியாவிடம் கொடுத்துவிட்டு, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு தடவ வாங்கித் தின்னாருங்களா?"

"ரெண்டு தடவ. மூணாந் தடவைக்குச் சட்டிய வழிச்சான்."

"இதுக்கு மேல என்ன வேணும் சித்தப்பா" என்றார் நர்மதா.

அப்போது தனம் நாற்காலியிலிருந்தபடியே பேசினார். "வெங்காயம் உரிக்க ஒக்காந்தா நாங்க அஞ்சு உரிக்கறதுக்குள்ள இந்த மனுசன் அம்பது உரிப்பாரு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது. துப்பாக்கி புடிச்ச கை இப்புடி உரிக்குமான்னு இவரு வந்த வருசமே நெனச்சேன்."

"நெனச்சா கேட்டிருக்க வேண்டியதுதான?" என்றார் அரியமுத்து.

"கதைய நல்லாச் சொல்றீங்களேன்னு வுட்டுட்டேன்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. அதில் யாரும் 'கரண்டி' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவருக்கு வலித்திருக்காது.

பிளக்ஸை என்ன செய்வதென்று பரணிதரன் தலையைச் சொறிந்தார். "படத்த எடுக்க முடியாது. பேர மட்டும் மாத்துங்க தம்பி" என்றார் அரியமுத்து. கவியா ஒரு வெள்ளைச் சார்ட்டுத் துண்டில் ஸ்கெட்ச் பேனாவால் 'ராஜதுரை, ரெட்டிபாளையம்' என்று எழுதி, நாற்காலி மேல் ஏறி ஒட்டினாள். அரியமுத்துவின் படம், ராஜதுரையின் பெயர். பார்க்கக் கோணலாகத்தான் இருந்தது.

மணி பன்னிரண்டு ஆகவில்லை. சமையல்கட்டில் சக்தி பாயசத்துக்குச் சேமியா வறுத்துக்கொண்டிருந்தாள். அரியமுத்து உள்ளே போனார். பின்னாலேயே நர்மதாவும், அவர் பின்னால் தனமும்.

"சேமியாவ எடுத்து வையி. ரவை எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு கிலோ இருக்கு. ஏன் தாத்தா?"

"கேசரி. எண்பத்தஞ்சு பேருக்கு. முந்திரி வேணாம். ஏலக்கா வேணாம். நெய்ய எடுக்காத, டால்டா இருக்கா?"

"டால்டாவா? டாக்டரு என்னைக் கொன்னுருவாரு. ரீபைண்டு ஆயில் இருக்கு."

"சரி, அது போவட்டும். மஞ்சத்தூளு எங்க?"

சக்தி கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். "கேசரிக்கு யாராச்சும் மஞ்சத்தூளு போடுவாங்களா? மிலிட்டரின்னு பேரு வச்சிக்கிட்டு ஒரு கேசரி கிண்டத் தெரியல!"

"அந்தக் கரண்டிய இப்புடிக் குடு" என்றார் அரியமுத்து.

கொடுத்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றி, எண்ணெய் காய்ந்ததும் ரவையைக் கொட்டினார். நர்மதா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சர்க்கரையை அளந்து கொடுத்தார். தண்ணீர் கொதித்து, ரவை இறுகி வரும் நேரம் பார்த்து, அஞ்சறைப் பெட்டியிலிருந்து அரியமுத்து இரண்டு விரலால் மஞ்சள்தூளை எடுத்துத் தூவினார். எண்பத்தைந்து பேருக்கு ஒரு சிட்டிகை போதாது. நான்கு தடவை தூவினார்.

வாழையிலைத் துண்டில் முதல் கரண்டியை வைத்து நர்மதாவிடம் நீட்டினார். அவர் ஊதி ஊதி ஒரு வாய் சாப்பிட்டார். சமையல்கட்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மஞ்ச வாட அடிக்குது சித்தப்பா" என்றார்.

"அடிக்குந்தான்."

நர்மதா இலையை வழித்துச் சாப்பிட்டார். பிறகு அதை மறுபடியும் நீட்டினார்.